பாட்டு எங்கே பதிவானது?
கூட்டேரிப்பட்டைச் சுற்றியுள்ள பாறைகளும் கூத்துக்களங்களும் இசைப்படங்களுக்குச் சொல்லும் பாடம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு கூட்ரோடு. கிழக்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் மயிலம் முருகன் கோயில் குன்று. அதே சாலை புதுச்சேரிக்குப் போகிறது. மேற்கே செஞ்சிக் கோட்டை. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகைக்கோயில். செஞ்சியை ஒட்டி, பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோயில். இசையைப் படமெடுக்க வருகிறவர்கள் தேடுகிற பாறை, கோட்டை, குன்று, களம் எல்லாம் இந்த வட்டாரத்துக்குள்ளேயே கிடைக்கின்றன.

கச்சேரி மேடையையும் ஸ்டூடியோவையும் விட்டு வெளியே வந்து, கண்ணைக் கவரும் ஓர் இடத்தில் பாடகரை உட்காரவைத்துப் படமெடுக்கும் வழக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியிருக்கிறது. கர்நாடக இசைக்காரர்களும் செய்கிறார்கள், திரைப்படத்துக்கு வெளியே பாட்டுக் கட்டும் சுயாதீனக் கலைஞர்களும் செய்கிறார்கள். இவற்றைப் பார்க்கும்போது நாம் பெரும்பாலும் படத்தை மெச்சுகிறோம்: ஒளி அருமை, இடம் அருமை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. காதில் விழும் பாட்டு அந்த இடத்தில்தான் பதிவானதா? அது பாடப்பட்ட நேரம் குலையாமல் வந்திருக்கிறதா? அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பங்கு உண்டா? இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துப் பார்த்தால், நேர்த்தியாக ஒளியமைத்த பல படங்களைவிட விழுப்புரம் மாவட்டத்தின் கூத்துக்களங்களில் உள்ளூர் வீடியோக்காரர்கள் விடிய விடிய எடுக்கும் பதிவுகள் இசைக்கு அதிக நேர்மையானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கண்ணும் காதும் பிரிந்த கதை

தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய நாளில் இந்தப் பிரிவினை இல்லை. 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வெளிவந்தபோது, படம்பிடிக்கும் நேரத்திலேயே பாட்டும் பதிவானது. டி. பி. ராஜலட்சுமி போன்ற, நாடக மேடையில் பாடிப் பழகியவர்கள்தாம் நடிக்க முடிந்தது. மைக் சட்டகத்தில் விழாதபடி எங்காவது மறைந்திருக்கும். வெளிப்புறக் காட்சி என்றால் ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் மரத்துக்கும் புதருக்கும் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். காற்று அடித்தாலோ காக்கை கத்தினாலோ மறுபடி பாட வேண்டும். இன்று 'லைவ்' என்று பெருமையாகச் சொல்லப்படுவது அன்று வேறு வழியில்லாத நிலைமை.

1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸின் 'தூப் சாவ்(ன்)' இந்தியில் பின்னணிப் பாட்டைக் கொண்டுவந்தது. தமிழில் 1938இல் ஏ. வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' அந்த முறையைப் பயன்படுத்தியது. பாட்டை முதலில் ஸ்டூடியோவில் பதிந்துகொள்வது, பிறகு அதை ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்க வைப்பது என்பது நிலைபெற்றதும் கேமராவுக்குக் கட்டு அவிழ்ந்தது. மலை உச்சியிலும் படகிலும் பாட்டு எடுக்க முடிந்தது. காதல் காட்சிக்குக் காஷ்மீர் போனபோதும் குரல் கோடம்பாக்கத்திலேயே இருந்தது.

இந்த ஏற்பாடு மகத்தான இசையையும் தந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் கையில் நாகஸ்வரம் இருந்தது, ஒலித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. அந்த நடிப்பைப் பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் முப்பது ஆண்டுப் பழக்கத்தில் தமிழ் ரசிகரின் கண்ணும் காதும் ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன: திரையில் தெரியும் இடத்துக்கும் கேட்கும் ஒலிக்கும் உறவு தேவையில்லை. திறந்த வெளியில் நிற்கும் பாடகரின் குரல் அறைக்குள் பாடியதுபோல் கேட்டால் யாரும் துணுக்குறுவதில்லை. இன்றைய இசைப்படங்கள் பலவும் இந்த உடன்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. நிஜமான பாறை, நிஜமான பாடகர், இரவல் ஒலி.

பொம்பெயிலிருந்து பாரிஸ் வரை

மேற்கில் இந்த வகைக்கு மூத்த உதாரணமாகச் சொல்லப்படுவது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் பொம்பெய் படம். 1971 அக்டோபரில், எரிமலையால் புதையுண்டு மீண்ட அந்த இத்தாலிய நகரின் பழைய வட்ட அரங்கில், பார்வையாளர் ஒருவரும் இல்லாமல் அவர்களை வாசிக்க வைத்தார் இயக்குநர் ஏட்ரியன் மேபன். வாயசைப்பு வேண்டாம், உண்மையாகவே வாசிக்கிறோம் என்பது குழுவின் நிபந்தனை. கருவிகள் லாரிகளில் வந்தன. மின்சாரம் போதாமல் ஊருக்குள்ளிருந்து நீண்ட கேபிள் இழுத்தார்கள். அதில் சில நாள்கள் கழிந்தன. எடுத்தது போதாததால் மீதியைப் பாரிஸ் ஸ்டூடியோவில் எடுத்துச் சேர்த்தார்கள். இடத்தில் பதிவான இசைக்கு மாதிரியாகக் காட்டப்படும் படமே பாதி ஸ்டூடியோவில் முடிந்தது என்பது, இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்று.

இதற்கு நேரெதிர் வழியைப் பாரிஸிலேயே 2006இல் 'லா பிளோகோதேக்' தொடங்கியது. ஒரே கேமரா, இயன்றவரை ஒரே எடுப்பு, தெருவில் நடந்துகொண்டே பாட்டு. வின்சென்ட் மூன் எடுத்த படங்களில் புகழ்பெற்றது, ஆர்கேட் ஃபயர் குழு சாமான் ஏற்றும் மின்தூக்கிக்குள் நெருக்கிக்கொண்டு பாடியது. தாளத்துக்கு ஒருவர் பத்திரிகைத் தாளைக் கிழிக்கிறார். கதவு, சுவர், மூச்சு எல்லாம் ஒலியில் இருக்கின்றன. செலவு மிகக் குறைவு, இடத்தின் ஒலி முழுமையாக இருக்கிறது. உலகெங்கும் சுயாதீன இசைக்காரர்கள் பின்பற்றியது இந்த வழியைத்தான்.

நம் நாட்டில் இதற்கு முன்பே இரண்டு பெரிய இயக்குநர்கள் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். சத்யஜித் ராய் 1976இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த 'பாலா' ஆவணப்படத்தில், அவர் கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ'வுக்கு ஆடுகிறார். கடற்காற்று புடவையை விடாமல் இழுக்கிறது. மேடையில் எதையும் தன் வசத்தில் வைத்திருக்கும் கலைஞர் இங்கே இயற்கையோடு மல்லுக்கட்டுகிறார். அந்தக் காற்றை அழகு என்று வாழ்த்தியவர்கள் உண்டு, இடைஞ்சல் என்று வருந்தியவர்களும் உண்டு. மணி கௌல் 1982இல் எடுத்த 'துருபத்' படத்தில் ஜியா மொஹியுத்தீன் டாகரும் ஜியா ஃபரீதுத்தீன் டாகரும் பழைய கட்டடங்களின் வெளிகளில் இசைக்கிறார்கள். அங்கே கேமரா ஆலாபனையின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. இடம் இசையின் காலத்துக்குள் வரவேண்டும் என்ற எண்ணம் அந்தப் படத்தில் தெளிவாக வேலை செய்கிறது.

எண்ணூர்: இடமே பொருளானபோது

தமிழில் இந்த வகையின் முக்கியமான படைப்பு 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. டி. எம். கிருஷ்ணா பாடினார். சுயாதீன இசைக்காரரான கபேர் வாசுகி பாட்டை எழுதினார். ஆர். கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்தார். ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கினார். சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முன்னின்ற இயக்கத்திலிருந்து பிறந்த படம் இது. எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையங்களின் சாம்பலும் புகையும் சூழ்ந்த நிலத்தில், மேல்சட்டையும் வேட்டியுமாக ஒரு கர்நாடகப் பாடகர் நிற்கிறார்.

சபாவின் தமிழும் தெருவின் தமிழும் இதில் ஒரே மெட்டில் சேர்ந்தன. ஆனந்தபைரவியும் பேகடாவும் சென்னைப் பேச்சு வழக்கைச் சுமந்தன. கர்நாடக இசையும் சுயாதீன இசையும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் குறைவு. இதைவிட முக்கியமானது இன்னொன்று. வழக்கமான இசைப்படத்தில் இடத்தை மாற்றினாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும். எண்ணூரை எடுத்துவிட்டால் இந்தப் பாட்டுக்கு அர்த்தமே இல்லை. சாம்பல் மேட்டின் எதிரில் பாடப்படுவதால்தான் வரிகள் குற்றச்சாட்டாகின்றன. ஒலியின் தூய்மையை அளந்து இந்தப் படத்தை மதிப்பிடுவது பொருந்தாது. என் முதல் கேள்விக்கு இது ஒரு விதிவிலக்கு: பாட்டின் பொருளே இடமாக இருக்கும்போது, ஒலி எங்கே பதிவானது என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது. ஆனால் இத்தகைய படங்கள் அரிதானவை. தியாகராஜ கீர்த்தனையைப் பாடுவதற்குக் கோட்டை மதிலைத் தேடிப் போகிறவர், ஏன் அந்த மதில் என்ற கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதில் ஒலியில்தான் இருக்க முடியும்.

மனோதர்மமும் கத்தரியும்

திரைப்படப் பாட்டைப் போலக் கர்நாடக இசையை எடுக்க முடியாமல் போவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஒரே கேமராவை வைத்துக்கொண்டு முதலில் தூரக்காட்சி, பிறகு அருகாமைக் காட்சி, பிறகு விரல்கள் என்று மூன்று தடவை எடுத்து வெட்டி ஒட்டுவது சினிமாவின் வழி. மூன்று தடவையும் பாட்டு ஒன்றாக இருந்தால்தான் அது ஒட்டும். வர்ணத்தையும் கீர்த்தனையின் சாகித்யத்தையும் ஓரளவு ஒரேமாதிரி பாடிவிடலாம். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் மூன்றும் அந்த நொடியில் பிறப்பவை. காம்போதியில் ஒரு தடவை மேல் ஷட்ஜத்தில் நின்றவர் அடுத்த தடவை அங்கே நிற்கமாட்டார். நின்றால் அது மனோதர்மம் இல்லை. மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்திலும் இதே கதைதான்.

ஆகவே இரண்டே வழிகள் மிஞ்சுகின்றன. ஒன்று, ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டு ஒரே எடுப்பில் முடிப்பது. அதற்குக் கேமராக்கள் ஒன்றன் சட்டகத்தில் மற்றொன்று விழாமல் நிற்க இடம் வேண்டும், எல்லாவற்றின் நேரக்குறியும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியின் கடைசியில் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக விலகிப்போகும். இன்னொன்று, ஒரே கேமராவை வெட்டாமல் ஓடவிடுவது. பாறை இடுக்குகளில் இரண்டாவது வழியே பெரும்பாலும் கைகொடுக்கும்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு. அது, பாட்டையே ஐந்து நிமிடமாகச் சுருக்குவது. இணையத்தில் பரவ வேண்டும் என்பதற்காக ஆலாபனை அரை நிமிடமாகிறது, ஸ்வரம் இரண்டு ஆவர்த்தனமாகிறது. அப்போது இடம் மட்டும் பிரம்மாண்டமாக நிற்கிறது. இசை அதன் அடிக்குறிப்பாகிவிடுகிறது. மலையைக் காட்டுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைத் தோடிக்குக் கொடுக்காத படம் இசைப்படம் என்ற பெயருக்கு எப்படித் தகும்?

மண்டகப்பட்டின் கல்

இனி ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்துக்கொண்டு ஒலியைப் பார்ப்போம். மண்டகப்பட்டுக் குகைக்கோயில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் பின்சுவரில் மூன்று கருவறைகள், முன்னே தூண்கள், இரு ஓரங்களிலும் ஆளுயரத்துக்கும் மேலான வாயிற்காவலர் சிற்பங்கள். விசித்திரசித்தன் என்ற விருதுப்பெயரில் அவன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இக்கோயிலை ஆக்கியதாகச் சொல்கிறது.

கலை வரலாற்றாளர்கள் இதைக் கட்டடக்கலை மாற்றத்தின் பிரகடனமாகப் படிப்பார்கள். ஒலிப்பதிவாளர் இதை வேறுவிதமாகப் படிக்கலாம். மரம் ஒலியை உறிஞ்சும். செங்கலும் சுண்ணப்பூச்சும் கருங்கல்லைவிட ஓரளவு கூடுதலாக உறிஞ்சும். கருங்கல்லோ தன்மேல் விழும் ஒலியில் மிகச் சிறு பங்கைத் தவிர அனைத்தையும் திருப்பி அனுப்பிவிடும். மகேந்திரன் விலக்கிய மரம் முதலியவை இல்லாமல் போனதால் அந்த மண்டபத்தில் பாடகரின் குரல் எங்கும் அடங்குவதில்லை. அதே சமயம் முன்பக்கம் முழுவதும் திறந்த வெளி. திறந்த வாயில் என்பது ஒலியைப் பொறுத்தவரை வெளியே போனது திரும்பாத இடம். குகையும் சிறியது. ஆகவே பெரிய தேவாலயங்களில் கேட்பதுபோல் குரல் பல நொடி நீண்டு குழம்புவதில்லை.

என்ன நடக்கும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. பாடகருக்கும் பின்சுவருக்கும் நான்கைந்து மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், சுவரில் பட்ட குரல் 30 மில்லிநொடிக்குள் திரும்பிவிடும். இவ்வளவு சீக்கிரம் திரும்பும் ஒலியை நம் காது தனி எதிரொலியாகப் பிரிப்பதில்லை. மூலக் குரலோடு சேர்த்துக் குரலுக்கே உடல் கூடியதாக உணர்கிறது. வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் ஒற்றைக் குரலுக்கும் இது வரம். மிருதங்கத்தின் வேகமான சொற்கட்டுகளுக்கும் தவிலுக்கும் இதே கல் எதிரியாகலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடிகள் ஏறிவிடும். நாகஸ்வரமும் தவிலும் வீதி உலாவுக்கென்றே வளர்ந்த வாத்தியங்கள். அவற்றுக்கு மயிலம் குன்றின் படிகளும் திறந்த வெளியும் பொருந்தும், குகை பொருந்தாது. கூரையும் சுவரும் ஒலியை எப்படித் திருப்புகின்றன என்பதைக் கேட்டு ராகத்தையும் வாத்தியத்தையும் தேர்வது, கேமராவுக்கு எது அழகு என்று பார்த்துத் தேர்வதிலிருந்து முற்றிலும் வேறான வேலை.

இந்தக் கல் தரும் உடலைப் பதிவில் பிடிக்க வேண்டுமானால், வாய்க்கு நெருக்கமாக ஒட்டிய மைக் மட்டும் போதாது. அது குரலை எடுக்கும், மண்டபத்தை எடுக்காது. சற்றுத் தள்ளி ஒரு ஜோடி மைக் வைத்து இடத்தின் ஒலியைத் தனியாகப் பதிய வேண்டும். இந்த ஒரு ஜோடி மைக்கை வைத்தார்களா இல்லையா என்பதைக் கேட்டே, படம் எடுத்தவர்கள் எதற்காக அங்கே போனார்கள் என்று சொல்லிவிடலாம்.

சுற்றுப்புறமும் கணக்கில் வரும். பகலில் வெயிலேறியதும் காற்று கிளம்பும். ஆடி மாதமானால் மைக்குக்கு மயிருறை போட்டாலும் போராட்டம்தான். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது, ஒலி மேலே போய்த் தொலையாமல் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். கூத்துப்பாட்டு அடுத்த ஊர் வரை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலும் மயிலம் ரயில்நிலையத்தைக் கடக்கும் வண்டிகளின் ஹாரனும் அதே வழியில் அதே தூரம் வரும். கூட்டேரிப்பட்டுக்கு அருகே படமெடுக்க நினைப்பவர் சூரியன் எப்போது எந்தப் பக்கம் விழும் என்று பார்ப்பதோடு, எந்த நேரத்தில் சாலை எவ்வளவு தூரம் கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன் அனுமதி. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் படமெடுக்க 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1959இல் வந்த விதிகளின்படி இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். இதைத் தொந்தரவாக மட்டும் பார்க்கத் தேவையில்லை. ஜெனரேட்டரும் சூடான விளக்குகளும் நூறு பேர் குழுவும் கொண்ட படப்பிடிப்பைப் பதின்மூன்று பதினான்கு நூற்றாண்டுப் பழமையான சிற்பத்தின் அருகே விடாமல் தடுப்பது சரிதான். பாட்டு ஒலிக்க அவ்வளவு தேவையும் இல்லை. தம்பூராவும் குரலும் இரண்டு மைக்கும் பகல் வெளிச்சமும் போதும்.

களத்தில் கூத்து

இந்த வட்டாரத்தின் மிகத் தீவிரமான நேரடி இசை குகையிலும் கோட்டையிலும் நடப்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் களத்தில் நடக்கிறது. கோடையில் ஊர்கள் பாரதம் வைக்கின்றன. பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் கிடக்கும். அதை அடுத்துத் தீமிதி. மேலச்சேரியை மையமாக வைத்துச் செஞ்சி நாட்டின் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல், 1988இல் தம் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதே ஆண்டில் 'லேடி ஆஃப் ஜிஞ்சி' என்ற பெயரில் இத்திருவிழாக்களைப் பற்றிய ஒளிப்பதிவும் வெளிவந்தது. இந்த மண்ணின் இசை நாடகத்தை அது நடக்கும் இடத்திலேயே படமெடுத்த முக்கியமான முயற்சிகளில் அது ஒன்று.

கூத்தின் இசை மேடைக்குப் பக்கத்தில் ஓரமாக ஒதுங்குவதில்லை. ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோலக், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு ஜமா எனப்படும் கூத்துக்குழுவின் வாத்தியக்காரர்கள் களத்திலேயே அமர்கிறார்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து தன் வரவைத் தானே பாடுகிறார். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிக்கொள்கிறார்கள். புஜத்திலும் தலையிலும் கட்டைகள் எனப்படும் மர அணிகளைச் சுமந்துகொண்டு அடவு போட்டபடியே உச்சஸ்தாயியில் பாடும் குரல் அது. அர்ச்சுனன் தபசு இரவில், உயரமாக நட்ட மரத்தில் கட்டிய படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொரு படியிலும் பாடி, உச்சியை அடைகிறார் அர்ச்சுனன் வேஷக்காரர். ஊரே அண்ணாந்து நிற்கிறது. கண்ணைக் கவரும் இடத்தில் நேரடி இசை என்று தேடுகிற எந்த இயக்குநரும் இதைவிடப் பெரிய காட்சியைக் கற்பனை செய்ய முடியாது. அதை ஊர் தன் செலவில் தானே அமைத்துக்கொள்கிறது.

இதை இப்போது யார் படமெடுக்கிறார்கள்? கல்யாண வீடியோ எடுக்கும் உள்ளூர் ஸ்டூடியோக்காரர்கள். முன்பு சிடி போட்டு விற்றார்கள். இன்று யூடியூபில் ஏற்றுகிறார்கள். ஒரு மூலையில் கேமரா நிற்கும், விளக்கு கண்ணைக் கூசும், குழாய் ஒலிபெருக்கியின் கரகரப்பு ஏறும். நாகரிகமான இசைப்படங்களோடு ஒப்பிட்டால் அழகியல் பூஜ்யம். ஆனால் முதலில் வைத்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒலி களத்தில்தான் பதிவானது, வாயசைப்புக்கு வாய்ப்பே இல்லை. இரவு முழுவதும் நடந்ததை முழுவதுமாக ஏற்றுகிறார்கள். கட்டியங்காரனின் நையாண்டிக்குக் கூட்டம் சிரிப்பதும், தூங்கிப்போன குழந்தையைத் தட்டி எழுப்பும் குரலும் ஒலியில் இருக்கின்றன. கேட்கும் ஊரும் படத்தில் இருக்கிறது. வேலைக்காகப் பெங்களூருக்கோ துபாய்க்கோ போன மகன் தன் ஊர் பாரதத்தை அங்கிருந்தே பார்க்க முடிகிறது.

குறைகள் திருத்தக்கூடியவை. ஒலிபெருக்கியின் மிக்சரிலிருந்து நேராக ஒரு லைன் எடுத்தால் குரல் துல்லியமாக வரும். ஆனால் அதில் கூட்டமும் களமும் இருக்காது. எனவே கூட்டத்துக்கு நடுவே ஒரு மைக் வைத்து, பிறகு இரண்டையும் கலக்க வேண்டும். முகவீணைக்குத் தனி மைக் வேண்டும், இல்லையென்றால் ஆர்மோனியம் அதை மூடிவிடும். அர்ச்சுனன் மரமேறும்போது உடையில் செருகிய வயர்லெஸ் மைக் தேவை. விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால் முகத்தின் அரிதாரம் எழுந்து தெரியும். லட்சக்கணக்கில் செலவில்லாமல், ஒலிப்பதிவில் தேர்ந்த இருவர் உள்ளூர் ஸ்டூடியோவோடு ஒரு கோடைக்காலம் சேர்ந்து வேலை செய்தாலே செய்துவிடலாம்.

சென்னையில் கச்சேரி படமெடுக்கும் குழுக்கள் இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை. செவ்வியல் என்று பட்டம் பெற்றதற்குக் கோட்டையும் குகையும் ஒளியமைப்பும், கிராமியம் என்று பட்டம் பெற்றதற்கு ஒற்றைக் கேமரா என்கிற வரிசை ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது. 2020 மார்கழியில் நோய்த்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது மியூசிக் அகாடமி தன் விழாவை இணையத்தில் நடத்தியது. கர்நாடக இசை தன்னைப் படமெடுத்துக்கொள்வதில் அது ஒரு பெரிய பயிற்சி. அதே டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கிப் பறைக்கும் கானாவுக்கும் நாட்டுப்புறப் பாட்டுக்கும் சென்னையில் மேடை போட்டது. இரண்டும் சந்திக்கும் ஒரு களம் விழுப்புரம் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மேடை புதிதாகப் போட வேண்டியதில்லை.

பதிவு யாருடையது?

மூன்றாவது கேள்விக்கு இங்கே சட்டமும் பதில் சொல்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், நிகழ்த்துவோருக்கென்று தனி உரிமையைத் தந்தது. அவர் ஒப்புதலின்றி நிகழ்ச்சியை ஒலியாகவோ ஒளியாகவோ பதிந்து பரப்பக்கூடாது. இன்று இந்த உரிமைக்கு 50 ஆண்டு ஆயுள். 2012 திருத்தம், நிகழ்த்தியவர் பெயரைக் குறிப்பிடவும், அவருடைய பெயர் கெடும்படி பதிவைச் சிதைக்காமலிருக்கவும் வழிசெய்தது. யார் நிகழ்த்துவோர் என்ற பட்டியலில் பாடகர், நடிகர், இசைக்காரர், நடனக்காரரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் இருக்கிறார்கள். ஆகச் சட்டத்தின் முன்னால் சபாவில் பாடும் வித்துவானும் திரௌபதி வேஷம் கட்டும் கூத்துக்காரரும் ஒன்றுதான்.

நடைமுறை வேறு. பெரிய பாடகர் படப்பிடிப்புக்கு வந்தால் ஒப்பந்தம் எழுதப்படுகிறது, பெயர்கள் முறையாக ஓடுகின்றன. கூத்துப் பதிவுகளில் பெரும்பாலும் ஊர் பெயரும் நாடகத்தின் பெயரும் இருக்கும். முகவீணை வாசித்தவர் யார், பின்பாட்டுப் பாடியவர் யார் என்று தேடினாலும் கிடைக்காது. ஜமாவுக்கு ஊர் கொடுப்பது ஓர் இரவுக் கூலி. பதிவு ஓடும் ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து அது தரப்பட்டதாகக் கொள்ள எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

இந்தப் பக்கம் இசையைப் படமெடுக்க வருகிறவர்கள் செய்யக்கூடியவை எளிமையானவை. பாறையில் பாடினால் பாறையின் ஒலியைப் பதியுங்கள். ராகத்துக்கு அதன் நேரத்தைக் கொடுங்கள். கூத்தை எடுத்தால் இரவு முழுவதையும் எடுங்கள். பாடியவர், வாசித்தவர், பின்பாட்டுக்காரர் ஒவ்வொருவர் பெயரும் திரையில் வரட்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு பிரதி ஜமாவின் வாத்தியார் கையில் இருக்கட்டும். வெட்டாத முழுப் பதிவின் ஒரு பிரதி ஊரிலும், ஒரு பிரதி மயிலத்திலுள்ள தமிழ்க் கல்லூரி போன்ற ஓர் அருகிலுள்ள நூலகத்திலும் தங்கட்டும். இவ்வளவையும் செய்த பிறகும் படம் அழகாக இருந்தால், அந்த அழகுக்கு அந்த இடம் உண்மையாகவே காரணமாக இருக்கும்.